அடைத்த சுவிட்ச்

“உங்கள அனுப்புனது யாரு?”

கதவு நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. சங்கிலிக்குப் பின்னால் ஒரு கண்ணும் பாதி நெற்றியும் மட்டும் தெரிந்தன. அந்தக் கண்ணில் தூக்கம் இல்லை; பயமும் இல்லை. வெறுப்புதான் இருந்தது.

சற்குணம் பேசாமல் நின்றார். பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் அந்த நீண்ட நடையில் யார் வீட்டு வானொலியோ சீனப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. கீழே சந்தை இரைந்துகொண்டிருந்தது.

“செத்துப்போன டாக்டரோட சம்சாரம்” என்றாள் நவமணி. “பத்மாவதி அம்மா. ‘அந்தப் பெட்டை வேணுமெண்டுதான் செய்தவள், அதை நிரூபிச்சுத் தாங்கோ’ன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க.”

கதவு படாரென்று மூடப்போயிற்று. நவமணி இடுக்கில் காலை வைத்தாள்.

“மெதுவா தங்கச்சி. செருப்பு புதுசு. கால் பழசு, பரவால்ல.”

“என்ன உள்ள தள்ளுறதுக்கு வந்தவங்களுக்கு நான் ஏன் கதவு தொறக்கணும்?”

“நிரூபிக்க முடியலன்னா என்ன செய்வேன்னு நீ கேக்கல” என்றார் சற்குணம். அன்று காலையில் அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

சங்கிலி விழுந்தது.

சற்குணம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளைத் துழாவியவர். கேள்வி கேட்டால் மனிதர்கள் பதிலைத் தயாரிப்பார்கள், பேசாமல் இருந்தால் எந்தப் பதிலைத் தயாரிப்பது என்று தெரியாமல் திணறுவார்கள் என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். நவமணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். பினாங்கில் யார் எந்த மொழியில் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பது அவள் காதுக்கு அத்துபடி. அவருக்குச் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

சந்திரிகா உட்காரச் சொல்லவில்லை. பைராம் தோட்டத்திலிருந்து படித்து மேலே வந்த பெண். செத்துப்போன டாக்டரிடம் முதுகலை ஆராய்ச்சி மாணவி. மேசை மேல் ஒரு பை தயாராக இருந்தது. துண்டு, பல் தூரிகை, மாற்றுத் துணி.

“எங்க பயணம்?” என்றாள் நவமணி.

“லாக்கப்புக்கு. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்து கூட்டிட்டுப் போறதா சொல்லிட்டாரு.”

நடந்தது ஊருக்கே தெரியும். மலையடிவாரத்து ஆய்வுக் கழகத்தில், போன வியாழக்கிழமை மத்தியானம், டாக்டர் ஏரம்பமூர்த்தி தன் இயந்திரத்தில் செருகியிருந்த உலோகக் கம்பியைக் கொஞ்சம் வெளியே இழுக்கப் போனார். கம்பியில் ஐந்நூறு வோல்ட் இருந்தது. இருக்கக் கூடாத வோல்ட். கம்பிக்கான சுவிட்ச் சுவருக்கு அந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் இருந்தது. போலீஸ் பார்த்தபோது அது போட்டபடி இருந்தது. கடைசியாக அதைத் தொட்டவள் சந்திரிகா.

“நான் அடைச்சிட்டுத்தான் சாப்பிடப் போனேன்” என்றாள் அவள். “விசாரணையில அஞ்சு பேரு முன்னாடி அதத்தான் இங்கிலீஷ்ல சொன்னேன். குளோஸ் பண்ணிட்டேன்னு. அப்புறம் எல்லாரும் என்ன பேய பாக்குற மாதிரி பாத்தாங்க. பேராசிரியர் கந்தப்பு மட்டும் சிரிச்சாரு.”

நவமணியின் புருவம் உயர்ந்தது. சற்குணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அந்த மெஷின் என்ன செய்யும்?” என்று ஜன்னலைப் பார்த்தே கேட்டார்.

“சொன்னா புரியுமா உங்களுக்கு?”

அவர் காத்திருந்தார். வானொலியில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது. மௌனம் அவளைத்தான் முதலில் உறுத்தியது.

“இங்க வாங்க” என்று ஜன்னலருகே வந்தாள். “கீழ பாசார் தெரியுதா? நடுவுல கூட்டம். வாயுவ மின்சாரத்தால உடைச்சா மின்னேறின துகள் கூட்டமாயிரும். அதான் பிளாஸ்மா. ஓரத்துல கடைங்க இருக்கு பாருங்க, அதான் குழாயோட சுவரு. கூட்டம் சுவர்ல போய் முட்டாம நடுவுலயே நிக்கணும். அதுக்குத்தான் காந்தம் வெச்சு வேலி கட்டுறோம். ஆனா வேலியில ஓட்டை. எப்படின்னா, நாலு பேரு ஒண்ணா நின்னு வம்பு பேசுவாங்க. பேசிக்கிட்டே அந்தக் கும்பல் அப்படியே சுழண்டு ஓரத்துக்கு நகரும். அப்படித்தான் எல்லாம் கசியுது.”

“கம்பி?”

“கம்பி வழியா மின்புலம் குடுத்தா மொத்தக் கூட்டமும் நடுவ சுத்தி நடக்க ஆரம்பிச்சிரும். எல்லாரும் ஒரே வேகத்துல இல்ல. பக்கத்துப் பக்கத்து வரிசை வேற வேற வேகம். அப்ப ரெண்டு பேரு நின்னு வம்பு பேச முடியுமா? கும்பல் பிஞ்சிரும். யாரும் ஓரத்துக்குப் போக மாட்டாங்க. ஓரத்துக் கடைக்காரன் ஈ ஓட்டுவான். டாக்டர் கண்டுபிடிச்சது அதுதான்.”

“அப்ப எங்க தாமான் குடியிருப்புல மின்புலம் சுத்தமா கெடையாது” என்றாள் நவமணி. “வாசலுக்கு வாசல் கும்பல்தான்.”

சந்திரிகா சிரிக்கவில்லை. “கந்தப்பு இத ஒத்துக்கல. மின்புலம் வந்தா கசிவு கூடும்னு எழுதிப் பேரு வாங்குனவரு. அடுத்த மாசம் டாக்டர் ஜப்பான் மாநாட்டுல இதப் படிச்சிருந்தா கந்தப்பு பேச்சு முடிஞ்சிருக்கும்.” கதவைத் திறந்து பிடித்தாள். “போதுமா? போங்க.”

---

பேராசிரியர் கந்தப்புவின் அறை குளிரில் விறைத்திருந்தது.

“இங்க பொணத்த வெச்சா கூட கெடாதுண்ணே” என்று நவமணி சற்குணத்தின் காதருகே சொன்னாள். கந்தப்பு காதிலும் விழட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

கந்தப்பு நாற்காலி காட்டவில்லை. நரைத்த மீசை, வெள்ளை முழுக்கைச் சட்டை, வாய் ஓரத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட்ட ஓர் ஏளனம்.

“பத்மாவதி உங்களப் பிடிச்சது வேஸ்ட்லா. கேஸ் முடிஞ்சாச்சு. அந்த எஸ்டேட் பொண்ணே சொல்லிட்டா. சுவிட்ச குளோஸ் பண்ணிட்டுப் போனேன்னு. சுவிட்ச மூடினா சுற்று முழுசாகும், கரண்ட் ஓடும். திறந்தா கரண்ட் நிக்கும். ஃபார்ம் ஃபோர் படிக்கிற பள்ளிக்கூடப் பையனக் கேட்டாலும் சொல்லுவான்.”

“அவ சொன்னது ஊரு குளோஸ் சார். லைட்ட அடைக்கிற, அணைச்சு வைக்கிற குளோஸ். மலாய்க்காரங்க தூத்துப் லம்பூங்கறாங்களே, அது.”

“ஆராய்ச்சிக்கூடத்துல ஊர்ப் பேச்சு செல்லாது, அம்மா. அங்க ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம். அது தெரியாதவள எல்லாம் ஏரம்பு உள்ள விட்டான். செத்தான்.”

நவமணி வாயைத் திறந்தாள். சற்குணம் கையை லேசாக உயர்த்தினார். பிறகு ஒன்றும் பேசாமல் நின்றார்.

ஏர்கான் மட்டும் உறுமியது. கந்தப்பு பேனாவை எடுத்தார், வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். எதிரே நிற்கும் மனிதன் போகவும் இல்லை, பேசவும் இல்லை. இப்படி நிற்கிற ஆளை எந்த வகுப்பிலும் அவர் பார்த்ததில்லை.

“என்ன வேணும் உங்களுக்கு?”

“குளிருது” என்றார் சற்குணம், முழங்கையைத் தேய்த்துக்கொண்டு.

கந்தப்பு எரிச்சலோடு பக்கத்து அறையைப் பார்த்துக் கத்தினார். “நோர்மா! குளோஸ் த ஏர்கான்!”

குமாஸ்தா நோர்மா ஓடி வந்து சுவரிலிருந்த விசையைத் தட்டினாள். உறுமல் அடங்கியது.

அந்த அமைதியில் நவமணியின் சிரிப்பு மட்டும் கேட்டது.

“என்ன சார் இது! நீங்க குளோஸ் பண்ணச் சொன்னீங்க, அது நின்னு போச்சு. உங்க கணக்குப்படி இப்பத்தான ஓட ஆரம்பிக்கணும்? நோர்மாவுக்கு ஃபார்ம் ஃபோர் பத்தல போல.”

நோர்மா ஒன்றும் புரியாமல் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே நழுவினாள். கந்தப்புவின் காது மடல்கள் சிவந்தன. அவர் ஆயர் ஈத்தாமில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில், கடையில், படுக்கையில் எல்லாம் விளக்கை அடைத்தே வாழ்ந்தவர். அந்தப் பெண் சொன்னது அவருக்கு அன்றே புரிந்திருக்கிறது. புரிந்துதான் சிரித்திருக்கிறார்.

“சரி” என்றார், பல்லைக் கடித்தபடி. “வார்த்தைய விடுங்க. என் கண்ணு பொய் சொல்லுமா?”

சற்குணம் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார்.

“அவ சாப்பிடப் போன பிறகு நான் காரிடார்ல நடந்து வந்தேன். கூடத்துக் கதவுல கண்ணாடி இருக்கு. எட்டிப் பாத்தேன். குழாயோட வட்டக் கண்ணாடி செக்கச்செவேல்னு கொழுந்துவிட்டு எரிஞ்சுச்சு. மின்புலம் இல்லாம அப்படி எரியாது. மின்புலம் போட்டா துகள் எல்லாம் சுவத்துல போய் கொட்டும். கொட்டுற எடத்துல வெளிச்சம் வரும். அவ போன பிறகும் சுவிட்ச் ஆன்லதான் இருந்துச்சு. அவன் வேலை, அவன் பாடுன்னு நான் என் ரூமுக்கு வந்துட்டேன். கொஞ்ச நேரத்துல சத்தம் கேட்டுச்சு.”

“இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்றார் சற்குணம்.

“தேவைப்படல.”

“அப்ப மாடியில வேற யாரு இருந்தது?”

“யாரும் இல்ல. அவன், நான். புதுசா யாரையாச்சும் இழுத்து விட்டு அந்தப் பொண்ணக் காப்பாத்தலாம்னு பாக்காதீங்க.”

“இன்ஸ்பெக்டர் முன்னாடியும் சொல்லுவீங்களா?”

“கோர்ட்ல கூட சொல்லுவேன். இப்ப வெளிய போங்க.”

மாடிப்படியில் நவமணியின் குரல் இறங்கிப் போயிருந்தது. “வார்த்தையில ஜெயிச்சு கண்ணுல தோத்துட்டோம்ணே. ஒரு புரோஃபசர் பாத்தேங்கறாரு. எந்த ஜட்ஜ் அவர விட்டுட்டுச் சந்திரிகாவ நம்புவாரு?”

சற்குணம் ஒரு படியில் நின்றுவிட்டார். அவர் மனதில் ஆயர் ஈத்தாம் சந்தை ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம், கும்பல், ஓரம். தப்பு எங்கே என்று தெரியவில்லை. ஆனால் எங்கேயோ ஒரு கடைக்காரன் இருக்க வேண்டிய மாதிரி இல்லை. நவமணி அவருடைய இந்த மாதிரி நிற்றல்களுக்குப் பழகியவள். கைப்பையிலிருந்து கச்சான் கடலை எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள்.

பொட்டலம் பாதி காலியானபோது அவர் நிமிர்ந்தார்.

“சந்திரிகாவக் கூட்டிட்டு வா.”

“வருவான்னு நெனைக்கிறீங்களா?”

“மெஷின ஓட்டணும்னு சொல்லு. வருவா.”

---

இன்ஸ்பெக்டர் அப்துல் ரசாக்குக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. தாய் வழியில் தமிழ் முஸ்லிம், தமிழிலேயே அலுத்துக்கொண்டார்.

“சற்குணம், நான் அந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்தேன். மெஷின் வேடிக்கை பாக்க வரல. ஸ்டேஷன்ல வேலை இருக்குலா.”

“எனக்கும்தான்” என்றார் கந்தப்பு. மார்பில் கை கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றார். சந்திரிகா உள்ளே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கொன்ன கையாலயே ஓட்டப் போறாளா?”

“உங்க வாயால ஓடாது சார்” என்றாள் சந்திரிகா.

“போதும்!” என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

ஆள் நீளத்துக்கு ஓர் எஃகுக் குழாய். அதைச் சுற்றி வளையம் வளையமாகச் செம்புச் சுருள்கள். பக்கவாட்டில் ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குக் கீழே, இப்போது யாரும் நெருங்காதபடி கயிறு கட்டி, அந்தக் கம்பி. கட்டுப்பாட்டு அறை சுவருக்கு அந்தப் பக்கம்; காரிடாரிலிருந்தும் அதற்கு ஒரு வாசல். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு; பார்க்கச் சந்து கூட இல்லை. சந்திரிகாவும் நவமணியும் அந்தக் கதவு வழியே உள்ளே போனார்கள். சந்திரிகா அதைத் திறந்தே வைத்தாள்.

பம்பு இரைந்தது. ஏதோ சொடுக்கியது. வட்டக் கண்ணாடிக்குள் ஓர் ஒளி தயங்கி, தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. சிவப்பு. அது வளர்ந்து கண்ணாடியை நிறைத்தது. இன்ஸ்பெக்டரின் தொப்பி வில்லையில் செந்நிறம் மின்னியது.

“இது மாதிரியா இருந்துச்சு?” என்றார் சற்குணம்.

கந்தப்பு குனிந்து பார்த்தார். உதட்டோரத்து ஏளனம் திரும்ப வந்தது.

“இதேதான். இந்தச் சிவப்புதான். பாத்துக்கோங்க இன்ஸ்பெக்டர், மின்புலம் போட்டா எப்படிச் சுவத்துல வந்து கொட்டுதுன்னு. ஏரம்பு இது கசிவ நிறுத்தும்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தான்.”

“சந்தேகம் இல்லையே?”

“முப்பது வருஷமா இதே பொழப்பு எனக்கு. சந்தேகமாம்!”

சற்குணம் அவரை விட்டுத் திரும்பவில்லை. அப்படியே கூப்பிட்டார்.

“நவமணி, கம்பியோட சுவிட்ச் எப்படி இருக்கு?”

“அடைச்சு இருக்குண்ணே!”

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார். “அடைச்சுன்னா? யார் அடைச்சு? ஊர் அடைச்சா, புரோஃபசர் அடைச்சா?”

“ஆஃப் துவான், ஆஃப்! கம்பியில ஒரு சொட்டு கரண்ட் இல்ல. நான் என் கண்ணால பாத்துக்கிட்டு நிக்கிறேன். நானும் ஒரு புரோஃபசர்னு வெச்சுக்கோங்க.”

கந்தப்புவின் கைகள் மார்பிலிருந்து இறங்கின.

“இப்பப் போடச் சொல்லு” என்றார் சற்குணம்.

உள்ளே ஒரு சொடுக்கு.

கண்ணாடியில் இருந்த சிவப்பு, யாரோ துடைத்து எடுத்தது போல் போய்விட்டது. ஓரம் முழுக்க இருண்டது. எங்கோ ஆழத்தில், குழாயின் நடுவில் மட்டும், மெல்லிய விளிம்போடு ஓர் ஒளித்தண்டு அசையாமல் நின்றது. ஒரு துளியும் சுவரை நோக்கி வரவில்லை.

சற்குணத்துக்கு மௌனங்கள் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை உண்டு என்பார். இந்த மௌனம் ஒரு ஆளை நசுக்கிக்கொண்டிருந்தது.

“மின்புலம் இருந்தா கண்ணாடி மங்கும்” என்றார் கடைசியில். “இல்லன்னா எரியும். சந்திரிகா போன பிறகு கண்ணாடி எரிஞ்சதா நீங்கதான் சொல்றீங்க. அது உண்மைன்னா, அவ சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான் போயிருக்கா. உங்க சாட்சியே அவள விடுதலை பண்ணுது. அதுக்கப்புறம் யாரோ போட்டிருக்காங்க. மாடியில டாக்டரும் நீங்களும்தான். அதுவும் உங்க சாட்சிதான்.”

“நான்… எனக்கு ஞாபகம்…”

“பாக்கலன்னும் சொல்லலாம். அப்ப பாக்காதத ஏன் பாத்தேன்னீங்க? நீங்க அந்தக் கதவுக் கண்ணாடி பக்கமே வரல. அந்த ரூம்ல இருந்தீங்க.” கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார். “சுவிட்ச் கைக்கு எட்டும். கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது. போட்டப்ப இது மங்குனத நீங்க பாக்கல. அதனால கதை கட்டுறப்ப கண்ணுக்குப் பதிலா உங்க கொள்கைய சாட்சிக்குக் கூப்பிட்டீங்க. கொள்கை தப்பு.”

“நுணலும் தன் வாயால் கெடும்” என்று உள்ளிருந்து நவமணியின் குரல் வந்தது. “இங்க தவளை புரோஃபசரு.”

இன்ஸ்பெக்டர் அப்துல் ரசாக் தொப்பியைச் சரிசெய்தார். சந்திரிகாவுக்காகக் கொண்டுவந்த குரலைக் கந்தப்புவுக்குத் திருப்பினார். “புரோஃபசர், என்னோட வாங்க.”

கந்தப்பு அசையவில்லை. அந்த வார்த்தை அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை. வட்டக் கண்ணாடிக்கு முன் குனிந்தவர் இன்னும் நிமிரவில்லை. கண்ணாடியில் மூச்சு பட்டுப் பட்டு மறைந்தது. இரண்டு வருஷமாக நடந்து போகும் தூரத்தில் இருந்தும் அவர் ஒரு நாள் கூட எட்டிப் பார்க்காத அந்த ஒளித்தண்டு, அவர் தலைகுனிவைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் நின்று எரிந்தது. பம்பு இரைச்சலுக்கு நடுவே சொடுக்கு ஒலித்தது. சந்திரிகா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். குழாய் கறுத்தது.

அவள் வாசலில் வந்து நின்றாள்.

“இன்னொரு தடவ” என்றார் கந்தப்பு. குரலில் அதிகாரம் இல்லை, ஏளனம் இல்லை. வேறு ஏதோ ஒன்று இருந்தது. அதைக் கேட்கச் சற்குணத்துக்குக் கூச்சமாக இருந்தது. “இன்னொரு தடவ போட்டுக் காட்டும்மா. சரியா பாக்கல.”

இன்ஸ்பெக்டர் சந்திரிகாவைப் பார்த்தார். வேண்டுமானால் காட்டு என்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

அவள் தரையில் கயிறு கட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்து பாருங்கன்னு டாக்டர் உங்க ரூமுக்கு நடையா நடந்தாரு சார்” என்றாள். “அப்ப வந்திருக்கலாம்.”

அவள் கட்டுப்பாட்டு அறைக் கதவைப் பூட்டிச் சாவியை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.